சி பிளாக் பகலில் காலியாக இருக்கிறது

லிவா ரோடு கேம்ப்
12 மே 2024

ஷார்ஜா தலைமை அலுவலகத்தில் குளிரூட்டப்பட்டு வீற்றிருக்கும் பர்ச்சேஸ் ஆபீஸர், மாண்புமிகு அகமது கபீர் அவர்களுக்கு,

கேம்ப்பில் குழாயும் ஏசியும் ரிப்பேர் பார்க்கும் பத்திநாதன் எழுதுகிறேன். ஆள் அடையாளம் தெரியவில்லை என்றால் சொல்கிறேன்: துபாய் சத்வாவில் பதினொரு வருடம் ஒரே அறையில் உம்முடைய குறட்டையைச் சகித்தவன். மணப்பாட்டுக்காரன். ஊரில் உம்முடைய காயல்பட்டினத்துக்கும் எங்கள் மணப்பாட்டுக்கும் நடுவே ஒரு மணி நேர பஸ் தூரம்தான். இங்கே நடுவில் ஒரு புரொமோஷன் வந்து உட்கார்ந்துவிட்டது.

என்னைக் கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து தள்ளியதோடு நிற்காமல், சொந்த நம்பரிலும் பிளாக் செய்துவிட்டீர். ஐம்பது தாண்டிய இரண்டு பேர் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் மாதிரிச் சண்டை போடுகிறோம். ஆகவே வாரம் இரண்டு தடவை ரொட்டியும் காய்கறியும் ஏற்றி வரும் டிரைவர் செய்கு முகம்மதுவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தமிழில் எழுதுவதில் ஒரு சௌகரியம்: உம் ஆபீஸில் வேறு யாருக்கும் படிக்க வராது. திட்டு முழுவதும் உமக்கே சேரும்.

விஷயத்துக்கு வருகிறேன். உம் கையெழுத்தோடு சர்க்குலர் வந்தது. “சி பிளாக் பகலில் காலியாக இருக்கிறது. ஆளில்லாத அறைகளில் ஏசி ஓடி டீசல் வீணாகிறது. ஜூலை முதல் தேதியிலிருந்து காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை சி பிளாக்குக்குக் கரண்ட் நிறுத்தப்படும்.”

ஓய், அது நைட் டூட்டிக்காரர்களின் பிளாக். பன்னிரண்டு போர்ட்டா கேபின், கேபினுக்கு ஆறு பேர், மொத்தம் எழுபத்திரண்டு பேர். இரவெல்லாம் ரோடு போட்டுவிட்டு வந்து பகலில் தூங்குகிறார்கள். ஜன்னலில் பிரியாணி பார்சலின் அலுமினியத் தாளை ஒட்டியிருக்கிறார்கள். தும்மல் வந்தால்கூட தலையணையில் வாயைப் புதைத்துக்கொண்டு தும்முகிறார்கள். நீர் ஜனவரியில் ஒருநாள் பதினொரு மணிக்கு வந்து, பத்து நிமிடம் நடந்துவிட்டு, சத்தமில்லை என்றால் ஆளில்லை என்று எழுதிவிட்டீர். வாசல்களில் வரிசையாகக் கிடந்த எழுபத்திரண்டு ஜோடி சேஃப்டி ஷூவை என்னவென்று நினைத்தீர்? ஒட்டகம் கழற்றிப் போட்டது என்றா?

இரண்டு தகரத்துக்கு நடுவே தெர்மோகோல் வைத்த பெட்டி அது. ஜூலை வெயிலில் கரண்ட் இல்லாமல் உள்ளே கிடந்தால் ஆள் அவிந்துபோவான். சர்க்குலரைத் திருப்பி வாங்கும்.

அன்பு மிச்சமிருந்தால் அன்புடன்,
பத்திநாதன்

*

ஷார்ஜா
19 மே 2024

திரு. பத்திநாதன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அதில் மீன்குழம்புக் கறை இருந்தது. ஆபீஸுக்குக் கடிதம் எழுதுகிறவர் முதலில் கையைக் கழுவ வேண்டும்.

குரூப்பில் நாற்பத்து மூன்று பேர் பார்க்க, ஜெனரல் மேனேஜர் ஹஸ்னைன் சாரும் பார்க்க, “கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் ஆபீஸர்” என்று என்னைப் பற்றி எழுதினீர்கள். உங்களைத் தள்ளாமல் மாலை போடுவார்களா?

நான் ஷூ எண்ணுவதற்கு வரவில்லை. கபர்ஸ்தான்கூட அவ்வளவு அமைதியாக இருக்காது. என் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

நைட் டூட்டி விவரத்தை ஹஸ்னைன் சார் காதில் போட்டேன். எப்படிப் போட்டேன் என்பது உங்களுக்குத் தேவையில்லை. “கபீர் பாய், பஹ்லே டீசல் கம் கரோ” என்றார். அதாவது டீசல் செலவு மூன்றில் ஒரு பங்கு குறைய வேண்டும். குறைந்தால் பகலில் கரண்ட் ஓடும். குறையாவிட்டால் ஜூலை ஒன்றாம் தேதி கட். கலாஸ், பேச்சு முடிந்தது.

அதற்கான வழியை நான் கண்டுபிடித்துவிட்டேன். பவர் சேவர் என்ற நவீனக் கருவி. பிளக்கில் சொருகினால் பச்சை விளக்கு எரியும். நாற்பது சதவீதம் மிச்சம் என்று அட்டைப்பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறார்கள். கேபினுக்கு இரண்டு வீதம் இருபத்து நான்கு அனுப்புகிறேன். சொருகுவது மட்டுமே உங்கள் வேலை. யோசிப்பது இல்லை.

அகமது கபீர்
பர்ச்சேஸ் ஆபீஸர்

பி.கு. ஜொஹரா ஒரு பாட்டில் மாசிச் சம்பல் கொடுத்துவிட்டிருக்கிறாள். அது அவள் எடுத்த முடிவு. எனக்குச் சம்பந்தமில்லை.

*

லிவா ரோடு கேம்ப்
27 மே 2024

கபீர் வே,

சம்பல் கிடைத்தது. ஜொஹரா தங்கச்சிக்கு என் நன்றி. அவள் புருஷனுக்குக் கிடையாது.

பெட்டிகளும் வந்தன. இருபத்து நான்கையும் சொருகினோம். பச்சை விளக்கு பிரமாதமாக எரிகிறது. டீசல் ஒரு லிட்டரும் குறையவில்லை. சந்தேகப்பட்டு ஒன்றைப் பிரித்தேன். உள்ளே மிளகளவு ஒரு பல்பு, சுண்டுவிரல் நுனியளவு ஒரு கெப்பாசிட்டர், கையில் கனம் தெரிவதற்காக ஒரு சிமென்ட் உருண்டை. ரோடு போடுகிற கேம்ப்புக்குச் சிமென்ட்டை டப்பாவில் அடைத்து வாங்கி அனுப்பிய முதல் பர்ச்சேஸ் ஆபீஸர் நீர்தான். சரித்திரத்தில் இடம் உண்டு.

நான் கேட்பது இவ்வளவுதான். கூரைக்கு வெள்ளை பெயிண்ட். இப்போது அது துருப்பிடித்த தோசைக்கல். ஏசியைப் பொருத்திய ஓட்டையைச் சுற்றிக் கை நுழைகிற சந்து இருக்கிறது, அதை அடைக்க ஃபோமும் சிலிக்கனும். கதவுக்கு அடியில் ஒட்ட ரப்பர் பட்டை. இப்போது பல்லி தலை நிமிர்ந்தே உள்ளே வருகிறது. கூரைக்கு ஒரு சாண் மேலே கட்ட நிழல் வலை. சூடு உள்ளே வராமலும் குளிர் வெளியே போகாமலும் இருந்தால் ஏசி பாதி நேரம் ஓய்வெடுக்கும், டீசல் தானாகக் குறையும். உம் பெட்டிகளின் விலையில் பாதிக்கு எல்லாம் முடிந்துவிடும்.

அவசரம் ஏன் என்று கேளும். போன புதன்கிழமை ஜெனரேட்டர் மதியம் இரண்டு மணி நேரம் நின்றது. கேபினுக்குள் நாற்பத்து மூன்று டிகிரி. எல்லோரும் வெளியே ஓடி, கேபினுக்கு அடியில் இருக்கிற நிழலில் மணலோடு மணலாகப் படுத்தார்கள். யாரும் தூங்கவில்லை. அன்றைக்கு டூட்டியில், கிரேனுக்குச் சைகை காட்டும் அழகுமலை நின்றபடியே கண்ணயர்ந்து, நிறுத்து என்று தூக்க வேண்டிய கையைக் கீழே விட்டான். கான்கிரீட் குழாய் ஒரு நேபாளத்துக்காரர் காலுக்கு ஒரு முழம் தள்ளி இறங்கியது. மறுநாள் என்னிடம் வந்து நிற்கிறான். “நான் தூங்கலண்ணே. கண்ணு மட்டுந்தாண்ணே மூடுச்சு.”

இரண்டு மணி நேரத்துக்கே இந்தக் கதி. நீர் நிறுத்தப்போவது தினம் ஏழு மணி நேரம்.

பத்திநாதன்

*

ஷார்ஜா
6 ஜூன் 2024

திரு. பத்திநாதன் அவர்களுக்கு,

கூரைக்கு வெள்ளையடித்து மேலே வலை கட்டுவது கோழிப்பண்ணையில்தான் என்று ஹஸ்னைன் சார் சிரித்தார். நானும் சிரித்தேன். நீங்கள் கேட்ட சாமான்கள் அனுமதிக்கப்படவில்லை.

பெட்டியைப் பிரித்ததால் அதன் வாரண்டி போய்விட்டது. பச்சை விளக்கு எரிகிறது என்று நீங்களே எழுத்து மூலம் ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். ஆகவே கருவி வேலை செய்கிறது.

உங்கள் ஆட்கள் செய்வதைப் பற்றி ஏன் ஒரு வார்த்தையும் இல்லை? ஏசியைப் பதினாறில் வைத்துவிட்டு இரண்டு கம்பளி போர்த்திக்கொள்கிறார்கள். அதன் வாயிலேயே ஈர பனியனைக் காயப் போடுகிறார்கள். லீவில் ஊருக்குப் போகிறவன்கூட அணைக்காமல் போகிறான், திரும்பி வரும்போது அறை சில்லென்று இருக்க வேண்டுமாம். நாம் சத்வாவில் இருந்தபோது அதையே செய்தவர் நீங்கள்.

குழாய் விஷயத்தில் யாருக்கும் அடிபடவில்லை என்றுதான் இங்கே ரிப்போர்ட் வந்திருக்கிறது.

அகமது கபீர்

*

லிவா ரோடு கேம்ப்
18 ஜூன் 2024

கபீர் வே,

பெருநாள் வாழ்த்துகள்.

பதினாறு விஷயத்தில் நீர் சொன்னது சரி. எழுத எனக்கே கை கூசுகிறது, ஆனால் சரி. எல்லோரையும் கூட்டி வைத்து, இருபத்து நான்கில் வையுங்கள், பனியனை வெளியே காயப் போடுங்கள் என்றேன். “நீங்க எத்தனையில வக்கீங்க அண்ணாச்சி?” என்று ஒருவன் கேட்டான். இருமிவிட்டு வந்துவிட்டேன். இப்போது நானும் இருபத்து நான்கு.

பெருநாள் லீவு இரண்டு நாளும் நான்காம் நம்பர் கேபினில் வேலை பார்த்தேன். உம்மிடம் ஒரு ஆணி கேட்கவில்லை. ரோட்டில் கோடு போடுகிற வெள்ளை பெயிண்டில் மிச்சம் இருந்தது, அது கூரைக்கு. சாரத்தில் கட்டிக் கிழிந்த பச்சை வலை, அது மேலே. புது ஜெனரேட்டர் பார்ட்ஸ் வந்த அட்டைப்பெட்டியில் இருந்த ஃபோம், அது சந்துக்கு. லாரி டியூபைக் கீறிக் கதவுக்கு அடியில் ஒட்டினேன். ஏசி ஃபில்டரைக் கழுவினால் அரைச் சட்டி மணல் வந்தது. இடையில் ஏணியிலிருந்து விழுந்தேன். நல்ல வேளை, என் தொப்பைதான் முதலில் தரையில் பட்டது. நாற்பது வருடம் சோறு போட்டு வளர்த்ததற்கு அன்று ஒரு உதவி செய்தது.

நேற்று மதியம் இரண்டு மணிக்கு அளந்தேன். ஐந்தாம் நம்பரில் ஏசி ஓயாமல் உறுமியும் முப்பத்து மூன்று டிகிரி. நான்காம் நம்பரில் இருபத்தைந்து. ஏசி ஓடுகிறது, நிற்கிறது, மூச்சு வாங்குகிறது, மறுபடி ஓடுகிறது. சேதி பரவி, இன்று மதியம் அந்த ஆறு பேர் கேபினில் பதினேழு பேர் வந்து படுத்தார்கள், ஏசிக்கு மறுபடி மூச்சு முட்டியது. ஐந்தாம் நம்பரில் உம்முடைய பச்சை விளக்குகள் மட்டும் கண் விழித்திருந்தன. சந்தோஷப்படும், அந்த ஒரு கேபின் மட்டும் நீர் எழுதியபடியே காலியாகிவிட்டது.

ஜூலைக்கு இன்னும் பன்னிரண்டு நாள்.

பத்திநாதன்

*

ஷார்ஜா
20 ஜூன் 2024

திரு. பத்திநாதன் அவர்களுக்கு,

உங்கள் தெர்மாமீட்டரை நம்புவதற்கில்லை. அதை ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்திருப்பீர்கள். சத்வாவில் டூட்டிக்கு மட்டம் போட, காய்ச்சல் தெர்மாமீட்டரை டீ கிளாஸில் முக்கியவர் நீங்கள்.

கருவிகளைச் சரியாகப் பொருத்த என்னையே நேரில் போகும்படி ஹஸ்னைன் சார் உத்தரவிட்டிருக்கிறார். திங்கட்கிழமை வருகிறேன். ஐந்தாம் நம்பர் கேபினைச் சுத்தம் செய்து வைக்கவும். எனக்குத் தனி அறை. வெள்ளை விரிப்பு. வேறு யாரும் வேண்டாம்.

அகமது கபீர்

*

லிவா ரோடு கேம்ப்
29 ஜூன் 2024

கபீர் வே,

உம்முடைய மூக்குக் கண்ணாடியைச் செய்கு முகம்மதுவிடம் கொடுத்திருக்கிறேன். நான்காம் நம்பர் கேபினில் அழகுமலையின் போர்வைக்குள் கிடந்தது. அது எப்படி அங்கே போயிற்று என்று நான் கேட்கவில்லை. கேட்பது மரியாதையல்ல.

இரண்டு பச்சை விளக்கும் வெள்ளை விரிப்பும் உள்ள தனி அறையை விட்டு, பட்டப்பகல் இரண்டு மணிக்கு, தலையணையைத் தலைமேல் வைத்துக்கொண்டு, சுடுமணலில் வெறுங்காலோடு குதித்துக் குதித்துப் போன ஒரு ஆபீஸரைப் பார்த்ததாகச் சமையல்காரர் சொல்கிறார். அவருக்குப் பார்வை மட்டம். நான் நம்பவில்லை.

“பாய், இப்புடிச் சுவத்தோரமாப் படுங்க. பேசாமப் படுக்கணும்” என்று இடம் விட்டானாம் அழகுமலை. பேசாமல்தான் படுத்தீராம். குறட்டையைப் பேச்சில் சேர்க்க முடியாது. ஒருவரும் உம்மை எழுப்பவில்லை. இங்கே தூங்குகிறவனை எழுப்புகிற வழக்கம் கிடையாது. செவ்வாயும் புதனும் அதே சுவரோரம்தான் என்று கேள்வி.

வியாழக்கிழமை காலையில் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டீர். இன்று சனி. திங்கள் கட். இப்போது உமக்குத் தெரியும். இனி தெரியாது என்று எழுதினால் அது பொய்.

பத்திநாதன்

*

ஷார்ஜா
4 ஜூலை 2024

பத்திநாதன்,

நான் அந்தக் கேபினுக்குப் போனது ஆய்வுக்காக. மூன்று நாளும் ஆய்வு. கண்ணை மூடிக்கொண்டு செய்கிற ஆய்வும் உண்டு.

திங்கட்கிழமை கட் விழவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஹஸ்னைன் சாரிடம் ஒரு மாதத் தவணை வாங்கியிருக்கிறேன். இத்துடன் என் அறிக்கையின் நகல். தலைப்பு “கபீர் கூல் ரூஃப் ஸ்கீம்”. பன்னிரண்டு கேபினுக்கும் பெயிண்ட், வலை, ஃபோம், ரப்பர் எல்லாம் இந்த வண்டியிலேயே வருகின்றன. யோசனை யாருடையது என்ற சில்லறைப் பேச்சு வேண்டாம். உங்கள் பெயரைப் போட்டிருந்தால் அது இன்னும் கோழிப்பண்ணையாகவே இருந்திருக்கும்.

ஏணியில் ஏறும்போது கீழே ஒரு ஆளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கபீர்

*

லிவா ரோடு கேம்ப்
11 ஆகஸ்ட் 2024

கபீர்,

பன்னிரண்டு கேபினும் முடித்தோம். நைட் டூட்டிக்காரர்கள் ஒரு மணி நேரத் தூக்கத்தை விட்டுக்கொடுத்துப் பெயிண்ட் அடித்தார்கள். டீசல் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமாகவே குறைந்தது. கட் ரத்து என்று பேப்பர் வந்தது. அழகுமலை ஒன்பது மணிக்குப் படுத்தால் நாலு மணிக்குத்தான் புரளுகிறான். கேட்டில் உம் பெயர் போட்ட போர்டை மாட்டியதற்குக்கூட நான் வாய் திறக்கவில்லை. திருடியது திருட்டுத்தான், ஆனாலும் ஆட்கள் தூங்கினார்கள். போகட்டும் என்று இருந்தேன்.

வியாழக்கிழமை உம் ஹஸ்னைன் சார் வந்தார், கையில் அளவு டேப்போடு. நான்காம் நம்பருக்குள் நின்று, தூங்குகிறவர்கள் நடுவில் உரக்க, “மாஷா அல்லாஹ், கித்னா தண்டா ஹை! ஆட் ஆத்மி ஆராம் ஸே சோயேங்கே” என்றார். ஆறு பேர் கேபினில் எட்டுப் பேர் சுகமாகத் தூங்கலாமாம். அந்தக் கேம்ப் இந்தக் கேம்ப் என்று இருபத்து நான்கு பேரை இங்கே கொண்டுவந்து, ஒரு கேம்ப்பையே மூடிவிடலாமாம். கட்டில் ஆர்டர் உம் மேஜைக்குத்தான் வருகிறதாம்.

எட்டு உடம்பின் சூட்டை அந்தப் பழைய ஏசி தாங்காது. பகல் தூக்கம் மறுபடி போகும். அழகுமலை மறுபடி கிரேனுக்குக் கீழே நின்றுகொண்டு கண்ணை மூடுவான். நான்தானய்யா முட்டாள். அறை வெந்துகொண்டிருந்தபோது ஆறு பேர் வைக்கவே யோசித்தார்கள். நான் குளிர வைத்துக் கொடுத்தேன்; அதில் ஆளை அடுக்கப் பார்க்கிறார்கள். ஏணியிலிருந்து தலைகுப்புற விழுந்திருக்கலாம்.

கையெழுத்துப் போட்டிருப்பீர். பேனாவைத் திறந்தே வைத்திருக்கிற ஆள் அல்லவா நீர்.

பத்திநாதன்

*

ஷார்ஜா
15 ஆகஸ்ட் 2024

பத்தி அண்ணன்,

கட்டில் ஆர்டரில் நான் கையெழுத்துப் போடவில்லை.

உடனே என்னைப் பற்றி நல்லதாக எதுவும் நினைத்துவிட வேண்டாம். அந்த ஸ்கீம் என் பெயரில் இருக்கிறது. ஆறு பேருக்கு இருபத்தைந்து டிகிரி என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எட்டுப் பேரை அடைத்தால் முப்பதாகும், டீசல் ஏறும், கபீருடைய ஸ்கீம் ஊத்திக்கொண்டது என்று ஊரெல்லாம் சிரிக்கும். அதற்கு நான் ஆளில்லை.

ஒரு ஆளுக்கு இவ்வளவு தரை இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. எட்டுக் கட்டில் போட்டால் அது மீறல் என்று ஃபைலில் தேதி போட்டு எழுதி, லேபர் ஆபீஸுக்குப் போய்வருகிற நம் பி.ஆர்.ஓ. கையிலும் ஒரு நகல் கொடுத்துவிட்டேன். இனி நாளைக்கு இன்ஸ்பெக்ஷன் வந்தால் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஹஸ்னைன் சார் படித்தார். பிறகு, “கேம்ப் இத்னா பசந்த் ஹை தோ வஹீன் ரஹோ, கபீர் பாய்” என்றார். கேம்ப் அவ்வளவு பிடித்திருந்தால் அங்கேயே இரு என்று அர்த்தம்.

கட்டில் வராது. நான் வருகிறேன். செவ்வாய்க்கிழமையிலிருந்து அங்கேயே தங்கிக் கேம்ப்பைப் பார்த்துக்கொள்கிற கேம்ப் பாஸ் நான். என் நாற்காலியில் இன்றைக்கே வேறு ஆள் உட்கார்ந்து சுற்றிச் சுற்றிப் பார்க்கிறான். ஜொஹராவிடம் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். “அப்பாடா, இனி நான் கொஞ்சம் தூங்குவேன்” என்கிறாள்.

உங்கள் நம்பரை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன். கூப்பிட்டுத் தொலையாதீர்கள், பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன். தங்க ஒரு இடம் பார்த்து வையுங்கள். தனி அறை வேண்டாம்.

கபீர்

*

லிவா ரோடு கேம்ப்
18 ஆகஸ்ட் 2024

கபீர் வே,

வெட்டிப் பெருமைக்காகச் செய்தீரா, புத்தி வந்து செய்தீரா என்று கேட்கமாட்டேன். கேட்டால் பொய் சொல்வீர், அதையும் நான் படிக்க வேண்டும்.

கட்டில் வரவில்லை, அதற்குப் பதில் கபீர் பாய் வருகிறார், நான்காம் நம்பரில் தங்குவார் என்று அழகுமலையிடம் சொன்னேன். ஊருக்குப் போயிருக்கிற ஒருவனுடைய கட்டில் அங்கே காலியாக இருக்கிறது. “எட்டுப் பேரே தேவலையேண்ணே” என்றான். கேபினில் எல்லோரும் சிரித்தார்கள், வாயைப் பொத்திக்கொண்டு. பிறகு அவனே எழுந்து போய் அந்தக் கட்டிலின் மெத்தையை வெயிலில் போட்டான்.

வரவேற்பு, மாலை, சால்வை ஒன்றும் கிடையாது. இங்கே உம்மை யாருக்கும் பிடிக்காது. எனக்கு அதிலும் சீனியாரிட்டி இருக்கிறது. ரொட்டி வண்டியில் ஏறி ஒன்பது மணிக்கு முன்னால் வந்து சேரும். தாமதமானால் செய்கு முகம்மதுவிடம் ஹாரன் அடிக்க வேண்டாம் என்று சொல்லும். பெட்டியை இழுத்துக்கொண்டு வராதீர், தூக்கும். கதவைத் தட்டாதீர். கேம்ப் பாஸ் என்றாலும் சரி, நாலு மணி வரை நிழல் பார்த்து வெளியே உட்கார்ந்திரும்.

ஆட்கள் தூங்குகிறார்கள்.

பத்திநாதன்